முதல் வரிசையில் மாமியார்

எனக்கு வேலை கிடைச்ச அன்னிக்கு வீட்டுல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். வேலை வந்துச்சேன்னு இல்ல, நாடகம் ஒழிஞ்சுதேன்னு. அண்ணன் வாய்விட்டே சொன்னான், இனிமேலாவது மனுஷியா இருன்னு. அம்மா ஒண்ணும் சொல்லல. நான் நாடகத்துக்குப் போட்டுக்கிட்டுப் போற கறுப்புச் சட்டையைத் துவைச்சு, மடிச்சு, பீரோவுல மேல் தட்டுல, என் கைக்கு எட்டாத இடமாப் பாத்து வெச்சாங்க. சொல்லாமச் சொல்றதுல எங்கம்மாவை அடிச்சுக்க ஆளில்ல.

நான் நடிக்கிறவ இல்ல, லைட் போடுறவ. ஹாலோட கடைசியில, இருட்டுல, ஒரு பெட்டிக்கு முன்னால உக்காந்து, ராஜா அழும்போது வெளிச்சத்தைக் குறைச்சு, திருடன் வரும்போது மூலையில மட்டும் லேசா நீலத்தை விட்டு... சொன்னா உங்களுக்குப் புரியுமோ என்னவோ, எங்க வீட்டுல யாருக்கும் புரியல. மேடை ஏறாத உனக்கு எதுக்குடி நாடகம்னு அண்ணன் கிண்டல் பண்ணுவான். நாங்க போட்ட ஒரு நாடகத்தைக்கூட அவன் பாத்தது கிடையாது. அம்மாவும் பாத்தது கிடையாது. கூத்தைப் பாத்தா வயிறு நிறையுமான்னு ஒரே கேள்வி. நானும் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டுப் பாத்துட்டு, ஒரு கட்டத்துல போங்கடான்னு விட்டுட்டேன்.

வேலை என்னன்னா, நாடக அரங்கம், டான்ஸ் பள்ளிக்கூடம், மியூசியம், இவங்களுக்கெல்லாம் டிக்கெட் விக்கிற சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்கிற கம்பெனி. அவங்க எங்கயாவது முட்டிக்கிட்டு நின்னா போன் வரும். எடுத்து, பொறுமையாக் கேட்டு, சரி பண்ணிக் குடுக்கணும். இன்டர்வியூவுல மேனேஜர் ஏன் இந்த வேலைக்கு வர்றேன்னு கேட்டாரு. நாடகம்னா எனக்கு உசுருன்னு சொல்லித் தொலைச்சேன். அவர் பேனாவை மூடி வெச்சுட்டு, இது டெக்னிக்கல் வேலைம்மா, இங்க நாடகமெல்லாம் கூடாதுன்னாரு. சரிங்க சார்னு தலையாட்டினேன். தலைதான் ஆடிச்சு, மனசு ஆடல.

மேனேஜருக்கு ஆபீஸ்ல வெச்ச பேரு விதிமுறை. எதைக் கேட்டாலும் விதிமுறையில என்ன இருக்குன்னு பாருன்னுதான் ஆரம்பிப்பாரு. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். தன் டீ கப்பைத் தானே கழுவுவாரு, யாரையும் குரலை உசத்திப் பேச மாட்டாரு. ஆனா அவர்கிட்ட ஒரு காரியம் ஆகணும்னா சுவத்துல முட்டிக்கலாம். எனக்குப் பக்கத்து சீட்டுல ஒரு பையன், எந்நேரமும் காதுல மாட்டிக்கிட்டே இருப்பான், அதனால அவன் பேரு ஹெட்போன். புதுசா வந்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஷிப்டு. நாடகக்காரங்களுக்கு ஞாயிறுதானே திருநாள், அதனால போனும் அன்னிக்குத்தான் அதிகம்.

ரெண்டாவது ஞாயிறு காலையில ஒரு போன் வந்துச்சு. ஒரு சின்ன நாடகக் குழுவோட டைரக்டரம்மா. அவங்களுக்கு வாரநாள்ல வேலை கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறது. குரல்லயே தெரிஞ்சுது, பிரேக்கை மிதிக்கிற அவசரத்துல பேசினாங்க. அன்னிக்கு சாயங்காலம் அவங்க புது நாடகத்தோட முதல் காட்சி. சிஸ்டத்துல ஹவுஸ்ஃபுல்னு காட்டுது. அதைப் பாத்து ஒரு வாரமா பூரிச்சுப்போய் இருந்திருக்காங்க. காலையில அவங்க நாத்தனார் கூப்பிட்டு, எனக்கே டிக்கெட் இல்லையா, அப்படி யாருக்குத்தான் வித்தேன்னு சண்டை போட்ட பிறகுதான் உள்ள போய்ப் பாத்திருக்காங்க. ஹாலையே வாங்கினது ராஜா, மந்திரி, சேனாதிபதி, ஜோசியர், மாமியார். அத்தனை பேரும் அவங்க நாடகத்துல வர்ற பாத்திரங்க.

நடந்தது இதுதான். டிக்கெட் விக்கிறதை ஒரு தடவை பழகிப் பாருங்கன்னு எங்க கம்பெனி ஆளு முன்னாடியே சொல்லியிருக்காரு. பழகுறதுக்குன்னு தனியா ஒரு பக்கமும் குடுத்திருக்காரு. இவங்க அதைத் தொடவே இல்ல. பொய்யான இடத்துல பண்றது என்ன ஒத்திகை, நிஜ மேடையில பண்ணாத்தானே ஒத்திகைன்னு, நிஜப் பக்கத்துலயே இறங்கிட்டாங்க. அதுவும் வேஷத்தோட. ராஜா கிரீடம் வெச்சுக்கிட்டு கவுன்டருக்கு வந்து, நாடகத்துக்குன்னு வெட்டி வெச்ச அட்டைக் காசைக் குடுத்து, அரண்மனைக்குன்னு நடு வரிசைகளைக் கேட்டிருக்காரு. சேனாதிபதி படைக்குன்னு பின்வரிசை பூராவும் எடுத்துட்டாரு. செய்யறதைத் திருந்தச் செய்யணும்னு, அந்த சீசன்ல வர்ற எல்லா ஞாயிறுக்கும் சேத்தே புக் பண்ணியிருக்காங்க. ஒத்திகை முடிஞ்சா சாமான் எல்லாம் பழைய இடத்துக்குப் போயிடும்ல, அதே மாதிரி இதுவும் அழிஞ்சுடும்னு நினைச்சுக்கிட்டு விளக்கை அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

ஹெட்போன் கேட்டுட்டு மேஜையில தலையைக் கவுத்துக்கிட்டு சிரிச்சான். எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. சிரிக்காதடா, வேஷம் போட்டு முழுக்குரல்ல பேசிப் பாக்காத எதையும் நாங்க நம்ப மாட்டோம், அப்படி இருக்கப்போயிதான் மேடையில எவனும் முழிக்கிறதில்லன்னேன். சொன்ன பிறகுதான் நாங்கன்னு சொல்லிட்டது எனக்கே உறைச்சுது.

சிரிக்கிற விஷயமும் இல்ல அது. ஹால் சொந்தக்காரர் கண்டிப்பாச் சொல்லியிருக்காரு: முதல் காட்சிக்கு ஹால் நிறையணும், ஒரு நாற்காலி காலியாக் கிடந்தாலும் மிச்ச ஞாயிறெல்லாம் மெத்தை விக்கிறவருக்குத்தான். மெத்தைக்காரர் ஏற்கெனவே வந்து சுவரை அளந்துட்டுப் போயிட்டாராம். ஊர்ல ஜனங்க டிக்கெட் இல்லன்னு திரும்பிப் போயிக்கிட்டிருக்க, ஹால்ல இல்லாத ராஜாவும் இல்லாத படையும் உக்காந்திருக்கு. இதை ரத்து பண்ணிக் குடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்னாங்க டைரக்டரம்மா. 

எந்திரிச்சு மேனேஜர்கிட்டப் போனேன். நான் எதிர்பாத்த மாதிரியே அவர் விதிமுறையை எடுத்தாரு. வித்த டிக்கெட்டை அரங்கக்காரங்க கேட்டாங்கன்னு நாம ரத்து பண்ணக் கூடாது. வாங்கினவரே கேக்கணும், வீடியோவுல முகம் தெரியணும், பேரைச் சொல்லணும், அதை நாம பதிவு பண்ணணும். இந்த விதி சும்மா வந்ததில்ல. முன்னாடி ஒரு அரங்கத்துல, பெரிய மனுஷங்க வர்றாங்கன்னு, வரிசையில நின்னு வாங்கினவங்க டிக்கெட்டை எல்லாம் சத்தமில்லாம ரத்து பண்ணி, டிக்கெட்டோட வந்தவங்களை வாசல்லயே நிறுத்திட்டாங்களாம். அதுக்கப்புறம் மேனேஜரே உக்காந்து எழுதின விதி. நல்ல விதிதான், நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனா நல்ல விதியைத் தூக்கி நல்லவங்க தலையில போடுறாரே, அதுதான் எனக்குத் தாங்கல.

சரி சார், வாங்கினவங்களையே வீடியோவுல கூப்பிடுறேன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பாத்தாரு.

"அவங்க யாரும் நிஜ ஆளுங்க இல்லம்மா."

"இல்லாத ஆளுக்கு நம்ம சிஸ்டம் எப்படி சார் டிக்கெட் வித்துச்சு? வித்தது செல்லும்னா, வாங்கினவங்க இருக்காங்க. இருக்கிறவங்க வந்து ரத்து பண்ணட்டும். அப்படி ஆளே இல்லன்னா வித்ததே செல்லாது, நானே இப்ப அழிச்சுடுறேன். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. மறுபடி மாட்டினாரு. அப்புறம் மெதுவா, முகம் தெரியணும், பேரைச் சொல்லணும், ஒரு எழுத்து விடாமப் பதிவு பண்ணணும், நாளைக்கு இதுல ஏதாவது வில்லங்கம் வந்தா நீதான் பொறுப்பு, நீ இன்னும் நிரந்தரம் ஆகலங்கிறதை மறந்துடாதேன்னாரு. எனக்கும் பயம் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். வேலை போச்சுன்னா வீட்டுல அண்ணன் மூஞ்சியை எப்படிப் பாக்கிறது? ஆனா நனைஞ்சது நனைஞ்சாச்சு, இனிமே முக்காடு எதுக்குன்னு போய் போனை எடுத்தேன். டைரக்டரம்மாகிட்ட, எல்லாரையும் வேஷத்தோட கூட்டிக்கிட்டு கேமரா முன்னால வந்து நில்லுங்கன்னு சொன்னேன். ஏன்னு ஒரு வார்த்தை அவங்க கேக்கல.

முதல்ல ராஜா வந்தாரு. வெளியில அவர் லிஃப்ட் ரிப்பேர் பாக்கிறவர். பாதி மீசையோட, பிஸ்கட் டப்பாத் தகரத்துல செஞ்ச கிரீடத்தோட நின்னாரு. தங்கள் பேர் என்னன்னு கேட்டேன். ராஜான்னாரு. அரண்மனைக்கு வாங்கின டிக்கெட்டை ரத்து பண்றீங்களா? "யாம் மனமுவந்து விட்டுக்கொடுத்தோம். குடிமக்கள் அமரட்டும்." மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. நான் ரத்துங்கிற பொத்தானை அழுத்தினேன். திரையில நடு வரிசை பூராவும் சிவப்புல இருந்து பச்சையாச்சு. ஹெட்போன் காதுல இருந்ததைக் கழட்டி வெச்சுட்டான்.

மந்திரி வந்து விட்டுக்குடுத்துட்டுப் போனாரு. அடுத்தது சேனாதிபதி. டெய்லர் அவரு, நல்ல பருமன். வாளைத் தரையில ஊணிக்கிட்டு, என் படை பின்வாங்கினதா சரித்திரமே இல்லன்னு ஆரம்பிச்சுட்டாரு. ஐயா, படையைக் காப்பாத்தத்தான் கேக்கிறேன், ரத்துன்னு சொல்லலைன்னா அரண்மனையே மெத்தைக் கடையாயிடும்னேன். அப்புறம்தான் இறங்கினாரு. அவர் போய் தலைப்பாகையை மாத்திக் கட்டிக்கிட்டு, நெத்தியில பட்டை இழுத்துக்கிட்டு, ஜோசியரா வந்து நின்னாரு. இவர் இப்பத்தானே வந்துட்டுப் போனாருன்னு மேனேஜர் கேட்டாரு. முகம் தெரியணும்னுதான் சார் விதி, வேற வேற முகமா இருக்கணும்னு விதியில இல்லன்னேன். அவர் விதிமுறையைத் திறந்து, நிஜமாவே படிச்சுப் பாத்துட்டு மூடினாரு.

கடைசியில நின்னது மாமியார். ராஜாவோட மாமியார். அவங்களுக்கு ஒரே சீட்டு, முதல் வரிசை நட்டநடுவுல. அந்தம்மாவை வரச் சொல்லுங்கன்னாரு மேனேஜர். டைரக்டரம்மா முகம் விழுந்துபோச்சு. மாமியார் வேஷத்துக்கு ஆளே கிடையாது. நாடகம் பூராவும் ராஜா அவங்களுக்கு பயந்து நடுங்குவாரு, முதுகுக்குப் பின்னால கண்டபடி திட்டுவாரு. ஆனா அவங்க மேடைக்கு வரவே மாட்டாங்க. ஒரு திரை மட்டும் ஆடும். ஒத்திகையிலகூட அவங்களுக்குப் பதிலா திரையை ஆட்டிட்டு டிக்கெட்டை எடுத்திருக்காங்க. நான் மெதுவா, நீங்களே ஒரு முக்காடு போட்டுக்கிட்டு வந்துடுங்களேன்னு சொல்லிப் பாத்தேன். அவங்க தலையை ஆட்டிட்டாங்க. "வேஷம் போடுவோம்மா, பொய் சொல்ல மாட்டோம். அவங்க மேடைக்கு வராதவங்க. அவ்வளவுதான்."

மேனேஜருக்கு மூச்சு வந்துச்சு. அப்ப அந்த ஒரு சீட்டு ரத்து ஆகாது, அந்தப் பேர்ல யாராவது வந்தா உக்காரலாம், வரலைன்னா காலின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மத்த சீட்டெல்லாம் பச்சையான வேகத்துல வித்துத் தீந்துச்சு. மத்தியானம் சாப்பிட்டு வந்து பாக்கிறேன், அத்தனையும் திரும்ப சிவப்பு, இந்தத் தடவை நிஜ மனுஷங்க. ஆனா முதல் வரிசை நடுவுல அந்த ஒத்தை நாற்காலி பல்லு போன வாய் மாதிரி இளிச்சுது. ஹால் சொந்தக்காரர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல, ஒரு நாற்காலி காலின்னாலும் மெத்தைதான்.

நான் மாமியார்னு பொய் சொல்லாமச் சொல்லக்கூடிய பொம்பளை ஒருத்தி வேணும். யோசிக்க ரொம்ப நேரம் ஆகல. வீட்டுல இருக்கிற அண்ணிக்கு எங்கம்மா யாரு?

போன் போட்டேன். அம்மா வழக்கம்போல, எனக்கு வேலை இருக்கு, கூத்துக்கெல்லாம் நான் வரலன்னாங்க. கெஞ்சினேன், நடக்கல. அண்ணன் பக்கத்துல இருந்து, வேலைக்குப் போயும் இவ திருந்தலையான்னு கத்துறது கேட்டுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல போனை வெச்சிருப்பேன். வெக்கிற நேரத்துல ஒண்ணு தோணுச்சு. சரிம்மா, வராட்டிப் போங்க, அந்த மாமியாரை மேடையில மருமகன் வாய்க்கு வந்தபடி திட்டுறான், கேக்கத்தான் நாதியில்லன்னேன். 

"என்னன்னு திட்டுறான்?"

"வந்து கேட்டுக்கோங்க."

ஷிப்டு முடிஞ்சு நான் ஓடிப்போய்ச் சேரும்போது காட்சி ஆரம்பிச்சுடுச்சு. எனக்கு சீட்டு இல்ல, கதவுக்குப் பக்கத்துல சுவத்துல சாஞ்சு நின்னேன். முதல் வரிசை நடுவுல அம்மாவோட கொண்டை தெரிஞ்சுது. கதவுல டிக்கெட் பாக்கிற பொண்ணு என் காதுல சொல்லிச்சு, பேரைக் கேட்டதும் மாமியார்னாங்க, அந்த அதட்டல்ல நான் எந்திரிச்சு நின்னுட்டேன்னு. அம்மா வெறப்பா, கையில இருந்த பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பாதி நாடகம் வரைக்கும் அசையவே இல்ல. பிடிக்கலையோன்னு நினைச்சேன்.

அப்புறம் அந்த இடம் வந்துச்சு. ராஜா சிம்மாசனத்துல சாஞ்சுக்கிட்டு, என் மாமியார் அடுப்பங்கரையில இருந்துக்கிட்டே ராஜ்ஜியத்தை ஆட்டிப் படைக்கிறா, ஒரு வேலையும் உருப்படியாத் தெரியாது, வாய் மட்டும் ஊருக்கு நீளம்னு அடுக்கிக்கிட்டே போறாரு. ஜனங்க சிரிக்கிறாங்க. எங்கம்மாவுக்குப் பொறுக்கல.

"நீ மட்டும் ரொம்ப யோக்கியமோ? உக்காந்து தின்னுறவன்தானே நீ."

ஹால்ல அத்தனை தலையும் முதல் வரிசைப் பக்கம் திரும்புச்சு. எனக்குச் செத்தே போயிடலாம்னு இருந்துச்சு.  மேடையில ராஜா சிம்மாசனத்துல இருந்து எந்திரிச்சு, கிரீடத்தைக் கழட்டி இடுப்புல சொருகிக்கிட்டு, முதல் வரிசையைப் பாத்துக் கும்பிட்டாரு.

"அத்தை, நீங்க எப்ப வந்தீங்க?"

கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி ஒரு சிரிப்பு. அதுக்கப்புறம் நாடகமே மாறிடுச்சு. ராஜா ஒவ்வொரு வசனத்தையும் அம்மாவை ஓரக்கண்ணால பாத்துட்டுத்தான் பேசினாரு. சேனாதிபதி அம்மாகிட்ட உத்தரவு வாங்கிட்டுப் போருக்குப் போனாரு. அம்மா தலையசைச்சாத்தான் படை நகர்ந்துச்சு. வெக்கப்பட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டே, ஆனா ஒரு தடவைகூட விட்டுக்குடுக்காம தலையசைச்சாங்க. சுவத்துல சாஞ்சு நின்னு நான் அழுதேன். சிரிச்சுக்கிட்டேதான் அழுதேன். ஹால் சொந்தக்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வெளியில வந்து, மெத்தைக்காரருக்கு வேற இடம் பாக்கச் சொல்லிட்டாரு.

 

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டாரு. நேத்து பண்ணின பதிவெல்லாம் சரியா இருக்கு, அதுல நான் குத்தம் சொல்லலன்னாரு. ஆனா பாத்திரங்க பேர்ல வித்ததுல ஒரு சீட்டு மட்டும் பாக்கி நிக்குது, மாமியார், சீசன் முடியிற வரைக்கும் எல்லா ஞாயிறும். கணக்குல இப்படி ஒரு பேரு தொங்கிக்கிட்டிருந்தா மேலிடத்துல கேப்பாங்க. அதை நானே அழிச்சுடவான்னு கேட்டாரு. வாங்கினவர் கேக்காம ரத்து பண்ணக் கூடாது சார், நீங்க எழுதின விதி, எனக்காக மாத்திடாதீங்கன்னேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டுட்டு, அப்ப அந்தப் பேர்ல நேத்து வந்து உக்காந்தவங்களையே கூப்பிடு, நானே பேசுறேன்னாரு. அவங்க யாருன்னு அவருக்குத் தெரியாது. நானும் சொல்லல.

வீடியோவுல அம்மா வந்தாங்க. பின்கட்டுல துணி காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க போல. மேனேஜர் பணிவா, அம்மா உங்க பேர் என்னன்னு கேட்டாரு.

"மாமியார்."

அந்த சீட்டை ரத்து பண்ணிக்கிறீங்களான்னு கேட்டாரு.

"எதுக்கு? அது என் சீட்டு. எந்த ஞாயித்துக்கிழமையும் விடுறதா இல்ல. நீங்க பெரியவரா இருக்கீங்க, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. நேத்து லைட்டு சரியில்ல. ராஜா அழும்போது அவன் மூஞ்சியே தெரியல. அங்க உங்க பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருப்பா, ஞாயித்துக்கிழமை அவளைக் கொஞ்சம் முன்னாடியே அனுப்பி வைங்க. அவ போட்டா தெரியும்."

அம்மா பேசிக்கிட்டே ஒதுங்கினாங்க. அவங்களுக்குப் பின்னால கொடியில, வெயில்ல, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு என் கறுப்புச் சட்டை காஞ்சுக்கிட்டிருந்துச்சு.  திரையைப் பாக்க முடியாம மேஜையைப் பாத்தேன்.

மேனேஜர் என்னைப் பாத்தாரு, திரையைப் பாத்தாரு, திரும்ப என்னைப் பாத்தாரு. முகச்சாடை தெரிஞ்சிருக்கும், ஆனா கேக்கல. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு எழுத்து விடாம அவரே அடிச்சாரு: வாங்கியவர் நேரில் தோன்றினார், பெயரைச் சொன்னார், ரத்து செய்ய மறுத்துவிட்டார்.